டீட்மாரின் டீசல் தியாகம்

ஞாயிற்றுக்கிழமை காலை, அவித்த முட்டையின் தலையைக் கத்தியால் ஒரே வீச்சில் சீவிவிட்டு, டீட்மார் தன் தியாகத்தை அறிவித்தார்.

"ரோஸ்விதா, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். சிவப்பு வண்டியை வித்துடப் போறேன். டீசல் கார் வாங்கப் போறேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். தியாகம் செய்கிறவர் அப்படித்தானே உட்கார வேண்டும்?

மனைவி ரோஸ்விதா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "எந்த டீசல்?"

"நாலு கதவு. பெரிய டிக்கி. நூறு கிலோமீட்டருக்கு அஞ்சு லிட்டர்கூடக் குடிக்காது. சாம்பல் கலர்."

"நீயா? சாம்பல் கலரா?"

"குடும்பத்துக்காக" என்றார் டீட்மார். குரல் தழுதழுத்தது. முதல் நாளே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை தழுதழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஜெர்மனியில் ஐஃபெல் மலையில் ஓபர்பாக் கிராமம் அவர்களுடையது. டீட்மார் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர், நாற்பத்திரண்டு வளைவு. அவரே எண்ணியது. அந்த நாற்பத்திரண்டையும் பதினோரு வருஷமாகத் தன் இரண்டு சீட் சிவப்பு வண்டியில் உறுமிக்கொண்டு போனவர். அதன் டிக்கியில் ஒரு பீர் பெட்டி வைத்தால் மூடி மூடாது. போன குளிர்காலத்தில் ரோஸ்விதாவின் பழைய குட்டிக் கார் உயிரை விட்டது. வீட்டுக்கு இனி ஒரே வண்டிதான், அது மனுஷர் ஏறுகிற வண்டியாக இருக்கட்டும் என்று அவள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் டீட்மார் மனம் மாறியதற்கு அது காரணமே இல்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் சும்மா பொழுதுபோகாமல் ஒரு டீசல் காரை ஓட்டிப் பார்க்கப் போனார். மூன்றாவது வளைவிலேயே ஆள் காலி. சிவப்பு வண்டி வளைவில் வாலை ஆட்டும், முரண்டு பிடிக்கும். இந்தச் சாம்பல் வண்டியோ சொன்ன பேச்சு கேட்டது. இருபத்தாறு வருஷ வாத்தியார் வேலையில் எந்த மாணவனும் அவர் சொல்லை அப்படிக் கேட்டதில்லை. அடேயப்பா, அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கேயே கணக்குப் போட்டார். முன்பைவிட வேகமாகப் போகலாம். சிக்கனக்காரர் என்று பெயரும் கிடைக்கும். தியாகம் என்று சொல்லிப் பதிலுக்கு ஒரு வரமும் வாங்கலாம்.

"இவ்வளவு பெரிய காரியம் பண்றேன், பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு கேட்கறேன்" என்றார்.

"என்ன?"

"கேரவன் பேச்சு இனிமே இந்த வீட்ல வரக் கூடாது."

கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வீட்டு வண்டி. ரோஸ்விதாவின் அக்கா கெர்லிண்டேயும் அவள் புருஷனும் ஜூலை தோறும் ஹாலந்துக் கடற்கரையில் மூன்று வாரம் கேரவனில் முகாம் போடுகிறவர்கள். அவர்கள் கொல்லையில் உபரியாக ஒரு கேரவன் நிற்கிறது. "கொக்கியில மாட்டிக்கிட்டு வந்தா போதும்" என்று வருஷா வருஷம் அழைப்பு. சிவப்பு வண்டியில் கொக்கி கிடையாது, பிழைத்தார். கேரவனை இழுத்தால் எண்பதுக்கு மேல் போகக் கூடாது. லாரிக்காரன் எல்லாம் தாண்டிப் போவான். போய்ச் சேர்ந்தால் சகலை வாசிக்கிற அக்கார்டியன் வாத்தியம்.

ரோஸ்விதா நிதானமாக மென்று விழுங்கினாள். ஊரில் மருந்துக் கடை வைத்திருப்பவள், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுகிறவள்.

"சரி. கேரவன் பேச்சை எடுக்கல. ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு. நீ வேகமாப் போய், கேமரா புடிச்சு, உன் மூஞ்சி போட்ட கடிதம் ஒண்ணு இந்த வீட்டுக்கு வந்துதுன்னு வெச்சுக்கோ, மூணு வாரமும் கேரவன்தான்."

"என் மூஞ்சியா? டீசல் ஓட்டறவன் மூஞ்சியா? வரவே வராது. உன் மூஞ்சி வந்தா?"

"என் மூஞ்சி வந்தா நீ சொல்ற இடம்."

"ஆல்ப்ஸ்! மலைப் பாதை! ஒரே ஏத்தத்துல நாப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு!"

"ஆல்ப்ஸ்."

டீட்மார் முட்டை மீசையில் ஒட்டுகிற அளவுக்குச் சிரித்தார். ரோஸ்விதாவாவது, வேகமாவது! மேஜைக்குக் குறுக்கே கை குலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை காருக்கு ஆர்டர் எழுதப் போனார்கள். விற்பனைக்காரர் படிவத்தை நீட்டினார். டீட்மாரின் கண்ணெல்லாம் வாசலில் நின்ற வண்டி மேல்.

"தரைப்பாய், அது இதுன்னு சில்லறைச் சாமான் எதெல்லாம் வேணும்னு நிறைய கேட்டிருக்காங்க" என்றாள் ரோஸ்விதா. "நீ படிச்சுப் பார்க்கறியா, நானே பார்த்துக்கட்டுமா?"

"நீயே பார்த்துக்கோ, நீயே பார்த்துக்கோ. எங்க கையெழுத்து?"

போட்டார். சாவியை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஓடிவிட்டார்.

மூன்றாம் வாரம் வண்டி வீட்டுக்கு வந்தது. திங்கள், செவ்வாய், வியாழன் அவருக்கு. புதன், வெள்ளி அவளுக்கு. அந்த நாட்களில் அவருக்குப் பஸ்.

ஐயா, அவர் ஓட்டின ஓட்டம்! நாற்பத்திரண்டு வளைவிலும் பிரேக்கைத் தொடாமல் போய்வந்த நாளெல்லாம் உண்டு. ஆனால் இந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் குடித்தது என்று கண்ணுக்கு நேராகச் சராசரி போட்டுக் காட்டும். பறந்தால் ஏழரை லிட்டர். வீட்டில் ரோஸ்விதா எட்டிப் பார்ப்பாள். கணக்கு வாத்தியாருக்குச் சராசரி ஒரு பிரச்சினையா? மலை உச்சி மாதா கோவிலில் வண்டியை நிறுத்தி, எண்ணைப் பூஜ்யமாக்கிவிடுவார். அங்கிருந்து வீடு வரைக்கும் ஒரே இறக்கம். ஆக்ஸிலேட்டரில் காலே வைக்காமல் உருண்டு வந்து வாசலில் நிற்கும்போது காட்டும்: 1.9.

"பார்த்தியா! பதமா ஓட்டணும். எல்லாம் கால்ல இருக்கு."

"ஆச்சரியமா இருக்கே" என்பாள் ரோஸ்விதா. "இப்படியே போனா அடுத்த மாசம் நம்ம வண்டி டீசல் கறக்கும் போலிருக்கே."

அவள் ஓட்டிவிட்டு வரும் நாளில் 7.1 காட்டும். டீட்மார் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"எந்த கியர்ல ஓட்டறே? ரெண்டுலயேவா? உன் கால் ரொம்ப கனம், ரோஸ்விதா."

"அப்படித்தான் போலிருக்கு" என்பாள்.

"பயப்படாம மேல கியரைப் போடு. நான் சொல்லித் தர்றேன்."

சொல்லியும் தந்தார். ஒரு காகிதத்தில் வரைபடம் போட்டு, அம்புக்குறி போட்டு, அரை மணி நேரம். அவள் தலையாட்டிக் கேட்டாள்.

ஜூன் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. லிண்டன் மர வளைவு என்று ஒன்று, எழுபதுக்கு மேல் போகக் கூடாது என்று பலகை இருக்கும் இடம். டீட்மார் தொண்ணூற்றைந்தில் திரும்பினார். ஓரத்தில் ஏதோ பளிச்சென்றது. காலை வெயில்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு எகோன் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். "டீட்மார், சேதி தெரியுமா? லிண்டன் மர வளைவுல இந்த வாரம் கேமரா நின்னுதாமே. பார்த்தா குப்பை வண்டி மாதிரி இருக்குமாம். நம்ம ரொட்டிக்கடைக்காரன் மாட்டிக்கிட்டான்."

"அப்படியா" என்றார் டீட்மார். கையிலிருந்த தண்ணீர்க் குழாய் தக்காளிச் செடியை விட்டுவிட்டு அவர் காலணியை நனைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் வேலியை வெட்ட ஆரம்பித்தார். தபால் பெட்டிக்குப் பக்கத்து வேலி. தினம் மூன்று மணிக்கு, தபால் வண்டி வருகிற நேரத்துக்கு. கடிதத்தை முதலில் தான் பிடித்துவிட்டால் போதும், அப்புறம் அடுப்பு இருக்கிறது. இரண்டு வாரத்தில் வேலி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

"டீட்மார், எனக்கும் உனக்கும் நடுவுல ஒரு மறைப்பு இருந்தா நல்லா இருக்குமேப்பா" என்று எகோனே கெஞ்சினான்.

மூன்றாவது சனிக்கிழமை, டீட்மார் கத்தரிக்கோலோடு காவல் நிற்கிறார். தபால்காரம்மா வந்தாள். அவருக்குக் கை நீட்டக்கூட நேரம் இல்லை. உள்ளேயிருந்து ரோஸ்விதா ஒரு களிம்புக் குப்பியோடு வந்துவிட்டாள். தபால்காரம்மாவின் முதுகு வலிக்காம். இந்தக் கையில் குப்பி போயிற்று, அந்தக் கையில் தபால் வந்தது.

மேஜையில் பயறு சூப். சூப்புக்கும் உப்புக் குப்பிக்கும் நடுவில் மாவட்ட அலுவலகத்து உறை, பிரிக்காமல்.

"உன் பேருக்குத்தான் வந்திருக்கு. பிரி" என்றாள் ரோஸ்விதா.

"சூப் ஆறிடும்."

"கேமரா ஆபீஸ் முத்திரை போட்டிருக்கு. உள்ள ஓட்டினவங்க மூஞ்சி இருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

"பிரிச்சா மூணு வாரம், ஞாபகம் இருக்கில்ல?"

டீட்மார் மூளை பரபரவென்று வேலை செய்தது. பிரித்தால் மூன்று வாரம் நிச்சயம். பிரிப்பதற்கு முன்னால் பேரம் பேசினால்? ஆகா, என்ன மூளை!

"ரோஸ்விதா, ஒருத்தன் தானா முன்வந்து உண்மையை ஒத்துக்கிட்டா, தண்டனையைக் குறைக்கறது வழக்கம். கோர்ட்லயே குறைப்பாங்க."

அவள் கரண்டியை வைத்தாள். "எவ்வளவு உண்மை?"

"எல்லாம்."

"அப்போ ஒரு வாரம். ஆனா கெர்லிண்டேக்கு நீயே போன் பண்ணிச் சொல்லணும். இப்பவே."

ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கொட்டினார். தொண்ணூற்றைந்து. மாதா கோவில் பூஜ்யம். வேலி. குளியலறைத் தழுதழுப்பு. "தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல, ரோஸ்விதா. அந்த வண்டி சிவப்பு வண்டியைவிட நல்லா திரும்புது. சொன்ன பேச்சு கேட்குது!" பிறகு போனை எடுத்தார். மறுமுனையில் கெர்லிண்டே சந்தோஷத்தில் அழுதே விட்டாள். சகலை பின்னணியில் அக்கார்டியனை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

போனை வைத்துவிட்டு டீட்மார் நிமிர்ந்தார். மூன்று வாரத்தை ஒரு வாரமாக்கிய மிடுக்கு. "பேச வேண்டிய இடத்துல பேசத் தெரியணும்" என்று சொல்லிக்கொண்டே உறையைக் கிழித்தார்.

எழுபது இடத்தில் தொண்ணூற்றேழு. படத்தில் ஸ்டியரிங் மேல் பதவிசாக இரண்டு கை. அதற்கு மேலே கண் மின்ன, வாய் கொள்ளாத சிரிப்போடு ஒரு முகம்.

"இது... நீ!"

"ஆமா. புதன்கிழமை. கடை திறக்க நேரமாயிடுச்சு." அவள் எட்டிப் பார்த்தாள். "படம் நல்லா வந்திருக்கு, இல்ல?"

"தொண்ணூத்தேழு!"

"நீதானே பயப்படாம மேல கியரைப் போடுன்னே. நல்லாத்தான் திரும்புது. சொன்ன பேச்சு கேட்குது."

"அப்போ என் படம்? வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை அங்க கேமராவே இல்ல. புதன் சாயங்காலம் நான் திரும்பி வரும்போதே இழுத்துட்டுப் போயிட்டாங்க. உனக்கு மின்னினது சூரியன்."

டீட்மார் சூப்பைப் பார்த்தார். சூப் ஆறிப் போயிருந்தது. "அப்படின்னா... பேசாம உறையைப் பிரிச்சிருந்தா..."

"ஆல்ப்ஸ்தான். நான் கம்பளிச் சட்டையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன், போ. மூணு வாரமா உள்ளுக்குள்ள உதறல். நீ கோர்ட் கீர்ட்டுன்னு ஆரம்பிச்சியோ, நான் பிழைச்சேன்."

கணக்கு வாத்தியார் அவ்வளவு சீக்கிரம் பேனாவைக் கீழே வைப்பாரா? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகத்தில் பழைய ஒளி வந்துவிட்டது.

"வர்றேன். தாராளமா வர்றேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஆனா கேரவனை எதுல மாட்டுவே? நம்ம வண்டியில கொக்கி இல்லையே, ரோஸ்விதா! இப்ப சொன்னா மாட்டித் தர்றதுக்குள்ள செப்டம்பர் ஆயிடும். கயித்தைக் கட்டியா இழுக்கறது?"

"பின்னாடி பம்பருக்கு அடியில குனிஞ்சு பாரேன்" என்றாள்.

போனார். குனிந்தார். தெரியவில்லை. முழங்காலிட்டார், மல்லாந்து படுத்தார். அங்கே சமர்த்தாக மடங்கி, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கூடப் பிரியாமல், உருண்டைத் தலையோடு கொக்கி இருந்தது. நாற்பத்திரண்டு வளைவிலும் அவரோடு தினம் வந்து போயிருக்கிறது. முழங்கால் உயர வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எகோன் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு... எப்போ..." என்றார் டீட்மார், வண்டிக்கு அடியிலிருந்து.

வாசற்படியில் நின்ற ரோஸ்விதா, அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை விரித்துக் காட்டினாள். "சில்லறைச் சாமான்."