கொம்பைப் பிடிக்கச் சொன்ன காளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாடி அறையிலிருந்து மாமனார் எழுதிக்கொள்வது. மாடியில் நானும் உங்கள் அத்தையும் சுகம். கீழே நீங்கள் சுகமாக இருப்பதைக் குளியலறைப் பாட்டிலிருந்து தினமும் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டில் தரை மாற்றும் வேலை மூன்று வாரத்தில் முடியும் என்று வந்தீர்கள், எட்டு மாதம் ஆகிறது, அதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் இங்கே இருப்பது ஒரே குளியலறை, காலை ஆறிலிருந்து ஏழு வரை அதில் நீங்களும் உங்கள் பாட்டும் இருக்கிறீர்கள், நான் தோளில் துண்டோடு வெளியே தவம் கிடக்கிறேன். போன வாரம் சாப்பிடும்போது, "ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் மாப்பிள்ளை, வாய் வரமாட்டேங்குது" என்று ஆரம்பித்தேன். யாரென்று நீங்கள் கேட்கவில்லை. "சுத்தி வளைக்காதீங்க மாமா. காளையைக் கொம்பைப் பிடிச்சு நிறுத்துன்னு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. கஷ்டமான விஷயத்தைத் தள்ளிப்போடாம நேரா போய் மோதிடணும்" என்று விளக்கிவிட்டுக் கை கழுவப் போய்விட்டீர்கள். காளையே எதிரில் உட்கார்ந்து கொம்பைப் பிடிக்கச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்?

எடுத்ததும் பெரிய காளை வேண்டாமென்று முடிதிருத்துகிறவரிடம் பழகப் பார்த்தேன். வருஷக்கணக்காக என்னைக் கேட்காமலே என் மீசையைக் குறைத்துக்கொண்டு வருகிறார். "இனிமே மீசையைத் தொடாதீங்க!" என்று அதட்டினேன். அப்போது கத்தி மீசைமேல்தான் இருந்தது. மனுஷர் திடுக்கிட்டுவிட்டார். இடப்பக்கத்தில் இனிமேல் தொட ஒன்றுமில்லை. "வலப்பக்கத்தை என்ன சார் பண்றது?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். நீங்களும் பார்த்துவிட்டு, "இளமையாத் தெரியறீங்க மாமா" என்றீர்கள்.

இன்று காலை துணிந்து கதவைத் தட்டினேன். ஈரத்தலையோடு எட்டிப் பார்த்து, "என்ன மாமா?" என்றீர்கள். "பாட்டு பிரமாதம் மாப்பிள்ளை" என்று என் வாய் சொல்லிவிட்டது. "அப்படியா? நாளைக்கு இன்னும் ரெண்டு பாடறேன்" என்றீர்கள். கொம்பைப் பிடித்த பிறகு எப்படி விடுவதென்று அந்த இங்கிலீஷ்காரன் சொல்லவேயில்லை. ஆகவே எழுத்தில் கேட்கிறேன்: ஆறேகாலுக்குள் வெளியே வாருங்கள், இல்லையென்றால் மேஸ்திரியை விரட்டி வேலையை முடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக் குளியலறையிலேயே பாடுங்கள்.

உங்கள் குரலும் குடும்பமும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
கதவுக்கு வெளியே நிற்கும் மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டப் பசை தேடிக் கீழே வந்தபோது மகள் அட்டைப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "தரை வேலை முடிஞ்சிடுச்சுப்பா, ஞாயிற்றுக்கிழமை கிளம்பறோம்" என்றாள். ஆறு மணிக்குப் பாட்டில்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. நேரே உங்கள் வீட்டுக்குப் போய், சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியின் கண்ணைப் பார்த்து, "ஹால்ல தண்ணி தேங்கும், மொத்தத்தையும் பேத்துட்டு மறுபடி போடுங்க" என்றேன். வாய் குழறவேயில்லை. நான் வாசலைத் தாண்டுவதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. மூன்று வாரத்தில் முடித்துவிடுவாராம். மகளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை, அந்தக் கொம்பு எனக்கு எட்டாது.