ஒரிஜினல் வீட்டில் பத்திரமாக இருக்கிறது

ஓய்வுபெற்ற குமாஸ்தாவை நம்பி எந்தத் தாளையும் கொடுக்கக் கூடாது. என் மகள் ஷாமினி கொடுத்தாள். குற்றவாளி நான்தான்.

அவள் டிசைன் படித்துக்கொண்டிருந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய டிசைன் நிறுவனத்தில் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. ரெஸ்யூமேயைத் தாளில் அச்சிட்டு நேரில் தரவேண்டும். பயிற்சி கிடைக்காவிட்டால் படிப்பு அரை ஆண்டு தள்ளிப்போகும். கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று பார்த்து அவளுக்குத் தேர்வு.

"அப்பா, இந்தக் கவரைக் கொடுத்துட்டு வந்தா போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

(முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவனிடம் இப்படிச் சொல்லலாமா?)

கிள்ளானில் ரயில் ஏறியதுமே கவரைத் திறந்தேன். தடித்த, வெண்ணெய் நிறத் தாள். மேல் மூலையில் பெயர், கீழ் மூலையில் நான்கு வரி. நடுவில் கால்பந்துத் திடல் அளவுக்கு வெறுமை. பிரிண்டரில் மை தீர்ந்ததைப் பிள்ளை கவனிக்கவில்லை என்று முடிவு செய்தேன். தவிர, ஒரிஜினலை யாராவது கொடுப்பார்களா?

இறங்கியதும் ஒரு போட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டு, பத்திர நகல்களுக்குச் சாப், அதாவது அத்தாட்சி முத்திரை, குத்தும் ஆணையரிடம் போனேன்.

"அங்கிள், இது ரெஸ்யூமே லா. சர்டிபிகேட் இல்ல. இதுக்கெல்லாம் யாரும் சாப் கேக்க மாட்டாங்க."

"கேட்டா என்ன செய்யறது? குத்துங்க."

நகலில், வெற்றிடத்தின் நட்டநடுவில் குத்தினார். மிச்ச இடத்தில் நான் அவளுடைய அடையாள அட்டை எண், மதம், உயரம், எடை, பள்ளிக் கோலப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசு எல்லாவற்றையும் எழுதினேன். பிறகும் இடம் இருந்தது. வேறு யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாதே என்று குறுக்கே ஒரு கோடு போட்டு, இரு முனையிலும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"கொடுத்துட்டீங்களாப்பா?"

"கொடுத்தாச்சு. ஒரிஜினல் பத்திரமா இருக்கு."

"எந்த ஒரிஜினல்?"

எடுத்துக் காட்டி, நகலில் சாப் குத்தி இடத்தை நிரப்பியதையும் பெருமையாகச் சொன்னேன். அவள் அழவில்லை. தாளின் நடுவில் விரலை வைத்தாள். "அந்தக் காலி இடந்தாம்பா என் டிசைன்" என்றாள்.

மறுநாள் முதல் ரயிலில் ஒரிஜினலோடு போய், அலுவலகம் திறக்கும்வரை வாசலில் நின்றேன். முதலாளி, முப்பது வயதுத் தமிழ்ப் பெண், என் போட்டோஸ்டாட்டைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கோடு யாரு போட்டது?"

"நான்தான். என் மகளுக்குத் தெரியாது."

"எடைகூட எழுதியிருக்கீங்க."

"அது தோராயம்."

சிரித்தார். பிறகு ஒரிஜினலை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இதை நேத்தே பார்த்திருக்கணும் அங்கிள். இடத்தைக் கொடுத்தாச்சு."

நான் நகரவில்லை. வேறு எங்கே ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லும்வரை போகமாட்டேன் என்றேன். என்னைக் கிளப்புவதற்காகவே அவர் சுங்கை வேயில் நிறுவனம் நடத்திய நண்பருக்குப் போன் செய்தார் என்று நினைக்கிறேன். ஷாமினி அங்கே மசாலாப் பாக்கெட்டுகளுக்கு லேபிள் வரைந்து பயிற்சியை முடித்தாள். படிப்பு தள்ளிப்போகவில்லை. ஆனால் அவள் விரும்பிய இடம் அதுவல்ல. அவள் அதை என்னிடம் சொல்லிக்காட்டியதே இல்லை; அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போன வருடம் அவள் திருமணப் பதிவில், சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். மருமகன் பதறிப்போய்ப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"மாமா, மிச்ச இடத்துக்குக் கோடு வேணாம் லா! புள்ளைங்க பேரு எழுதணும்."

பதிவதிகாரியே சிரித்துவிட்டார். நான் கையெழுத்திட்டு முடித்ததும் ஷாமினி பேனாவை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.