கிணற்று விருந்தாளிகள்

சிட்லபாக்கம்,
ஆகஸ்ட் 1968

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி வேதசிரோமணிக்கு,

அக்கா தபீதாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். கிணற்று மீன்கள் எங்களைவிடச் சுகம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சிட்லபாக்கத்துக் கிணறுகளில் நீ விட்ட மீன்கள் கொசுப்புழுவைத் தின்னவில்லை, திட்டத்தையே கைவிடலாம் என்று மேலதிகாரிகளுக்கு எழுதப்போவதாகச் சொன்னாயே, தயவுசெய்து எழுதாதே. குற்றம் மீன்மேல் இல்லை. என்மேல்.

மீன் வாங்கும் அளவுக்கு உனக்குத் தமிழ் இருக்கிறது. மீனைப் பற்றிப் பேச மட்டும் இங்கிலீஷ்தான் வரும். அதனால் சர்ச் காம்பவுண்டில் ஊராரைக் கூட்டியபோது, மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தினாய். நான் மாதர் சங்கத்துக்கு வரும் வெளிநாட்டு அம்மாமாருக்கு மொழிபெயர்த்துப் பழகியவள். அவர்கள் ஒரு வரி சொன்னால் நான் மூன்று வரி சொல்வேன், கூட்டம் தூங்கினால் குரலை உயர்த்துவேன். அந்தப் பழக்கம் அன்றைக்கும் வந்துவிட்டது. நீ "பெரும்பாலும் குறையலாம்" என்றாய். மேடையில் 'லாம்' எடுபடுமா? "கொசு ஒழியும்!" என்றேன். கடைசியில் நீ, "இவற்றுக்கு எந்தக் கவனிப்பும் வேண்டாம், சும்மா விட்டுவிடுங்கள்" என்றாய். நமக்காகப் பாடுபட வந்த ஜீவன்களைப் பற்றி இப்படியா முடிப்பது என்று மனசு கேட்கவில்லை. "நம் வீடு தேடி வந்த விருந்தாளிகள், பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். நீ உன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. பின்வரிசையில் சுவிசேஷமுத்து ஐயா "ஆமென்" என்றார். உன் விஞ்ஞானத்துக்குத்தான் ஆமென் என்று நினைத்து நீ சிரித்தாய்.

அன்றிலிருந்து ஊரே மீனுக்குச் சோறு போடுகிறது. பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் வேளைக்கொரு கவளம், சுவிசேஷமுத்து ஐயா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கேக். வயிறு நிறைந்த மீன் புழுவை ஏன் தின்னப்போகிறது? "கொசுப்புழுவும் மீனும் சண்டையே இல்லாம ஒண்ணா வெளையாடிக்கினு கீதுங்கம்மா"ன்னு கங்கையம்மாள் பெருமையா சொன்னாங்க. போன வாரம் நீ வந்து ஒரு மீனை வலையில் எடுத்துப் பார்த்து, "என்னக்கா, இதுங்களுக்குப் பசியே எடுக்காதா?" என்று கேட்டாய். காரணம் எனக்கு அப்போதே தெரியும். காபி ஆறிடும், குடி என்றேன். அதை நினைத்தால் இன்னும் முகம் எரிகிறது.

நேற்று வீடு வீடாகப் போய், சோறு போடாதீங்கன்னு சொன்னேன். கங்கையம்மாள் இடுப்பில கைய வெச்சுக்கிட்டு நின்னாங்க.

"பட்டினி போடவா? புள்ளை மாதிரின்னு நீதானேம்மா சொன்னே?"

"தம்பி அப்படிச் சொல்லலை. நான்தான் சேர்த்துச் சொன்னேன்."

"ஏன், அவரு சொன்னத அப்படியே சொன்னா எங்களுக்குப் பிரியாதா? இன்னா படிச்சவங்கோ! வாரத்துக்கு ஒரு பேச்சு!"

வீட்டுக்கு வந்துவிட்டேன். புரியாது என்று நினைத்தேனா, என் பேச்சை நானே ரசித்தேனா, யோசித்தால் இரண்டாவதுதான். உனக்கும் அவர்களுக்கும் நடுவில் பாலமாக நிற்கச் சொன்னாய். நான் அதன்மேல் கடை போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் ஆறுதல். எங்கள் கிணற்றில் ஒரு பருக்கைகூட விழவில்லை. அதை வைத்து உன் அறிக்கையை எழுது, திட்டம் பிழைக்கும். இனி யாருக்கும் மொழிபெயர்க்கமாட்டேன்.

உன் ஆராய்ச்சியையும் உன் உடம்பையும் ஆண்டவர் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா,
தபீதாள்

பி.கு.: எங்கள் கிணற்றைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. உறையை ஒட்டும்போது உன் அத்தான், "அது சரி, காலையில இட்லியப் பிட்டு யாருக்கு எடுத்துட்டுப் போனே?" என்று கேட்டுவிட்டார். என்ன செய்வது, வளையல் சத்தம் கேட்டதும் எல்லாம் மேலே வந்து நிற்கின்றன. வயிறு பெருத்த ஒன்றுக்கு உன் பெயர்தான் வைத்திருக்கிறேன். சோறு கிடையாது என்று நீயே வந்து அவற்றிடம் சொல். இங்கிலீஷிலேயே சொல், நான் குறுக்கே வரமாட்டேன்.