எடப்பாடிக்குத் திரும்பி வரும் பூனை

நாமக்கல்,
கோழிப்பண்ணை.

தறிச்சத்தத்திலும் காது கெடாமல் குடும்பத்தோடு நலமாயிருக்கும் எடப்பாடி மச்சான் குணசீலன் அவர்களுக்கு, அக்கா வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதும் நிலைமைக்கு இந்த வாரம்தான் வந்தோம். போனில் பேசினால் நான் கத்துவேன் என்று உங்கள் அக்கா வசந்தாமணி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் இந்தக் கடிதம்.

என் பண்ணைக்குள் கலெக்டரே வந்தாலும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு, மாமன் சீர் என்று என் மகள் இனியாவுக்கு நீங்கள் கொடுத்த பூனைக்குட்டி, அவள் பைக்குள் உட்கார்ந்து கால் நனைக்காமல் வந்துவிட்டது. அது கையில் பிறாண்டியதையும், பிறகு அக்குளில் நெறி கட்டியதையும், பூனையைத் துரத்திவிடுவேனோ என்று பயந்து பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. போன மாசக் கடைசியில் காய்ச்சலோடு வலிப்பு வந்து அவள் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது. பதினெட்டு வருஷமாகக் கோழி வளர்ப்பவனுக்குக் கழுத்து திருகினால் வேறென்ன தோன்றும்? கோழிக்கு வரும் ராணிக்கெட் நோய்தான் என்று கோழி டாக்டருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, எத்தனை உருப்படிங்க?" என்றார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க, நாலாவது படிக்குது" என்றேன். அவர் திட்டிய திட்டில்தான் காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைப் பார்த்தார், அக்குளைத் தொட்டார், "ஊட்ல பூனை இருக்குதுங்களா?" என்றார். பூனை நகத்திலிருந்து போன கிருமி சில பிள்ளைகளுக்கு மூளை வரைக்கும் தொந்தரவு கொடுக்குமாம்; பெரும்பாலும் முழுசாகத் தெளிந்துவிடுவார்களாம். கோழிக்குப் போடும் தடுப்பு மருந்து உதவுமா என்று கேட்டேன். உங்கள் அக்கா என்னை வெளியே தள்ளினாள். இரண்டு நாள் இனியா கண் திறந்திருந்தும் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். மச்சான், நாற்பதாயிரம் கோழியில் ஒன்று இரை எடுக்காவிட்டாலும் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் கையை நான் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பேச்சுக் கொடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். என்ன பேசியும் அவள் அசையவில்லை. வேறு வழி தெரியாமல், வார்டே வேடிக்கை பார்க்க, பூனை மாதிரிக் கத்தினேன். பிள்ளை முகத்தைச் சுளித்து, "பூனை அப்படிக் கத்தாதுங்கப்பா" என்றாள்.

ஆகவே இன்று முதல் வேலையாகப் பூனையை அட்டைப்பெட்டியில் கட்டி, முட்டை வண்டி டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்திருக்கிறேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் சீர் என்றால் துணி கொடுங்கள், தறி உங்களுடையதுதானே. தங்கச்சிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நெறி கட்டாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரன்

பி.கு.: பெட்டியைத் திறந்து பூனையைத் தேட வேண்டாம், உள்ளே முட்டைதான் இருக்கிறது. பூனை இங்கேதான் இருக்கிறது; கோழி டாக்டரே வந்து அதற்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டு, நகமும் வெட்டிவிட்டார். இனியா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் கத்தச் சொல்லித்தருகிறாள். இன்னும் சரியாக வரவில்லையாம்.