எஞ்சின் டிரைவர் முறைப்படி ஓய்வு பெற்ற வரலாறு

சும்மா இருப்பது எவ்வளவு நுட்பமான காரியம், தக்க மேற்பார்வை இல்லாமல் அதில் இறங்குகிறவர்கள் என்ன கதிக்கு ஆளாவார்கள் என்பதை ஊருக்கு உணர்த்திய பெருமை, மருந்துக்கடை மாடியில் இயங்கும் கணக்காய்வு நிறுவனத்தையே சாரும். அந்த நிறுவனம் வருவதற்கு முன் ஜனங்கள் அறியாமையில் கிடந்தார்கள். வேலைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு வருவார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், உட்காருவார்கள். அவ்வளவுதான். உட்காருவதற்கு முன்னால் யாரையாவது கலந்தாலோசிக்க வேண்டும் என்று கூடத் தோன்றியதில்லை. இப்படி எத்தனை பேர் எந்த ஆலோசனையும் பெறாமல் சந்தோஷமாக இருந்து தொலைத்தார்களோ, யார் கண்டது?

எஞ்சின் டிரைவரும் அந்தக் கும்பலில் சேர்ந்திருக்க வேண்டியவர்தான். முப்பத்து நாலு வருடம் ரயில் ஓட்டிவிட்டு, இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு பெற இருந்தார்.

தெருவில் எல்லோரும் 'டிரைவரம்மா' என்று அழைக்கும் அவர் மனைவி, அந்த ஆறு மாதத்தை நாள் நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் புருஷன் வீட்டில் இருந்த நாட்களை மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். பதினோரு வருடம் தேறியது. மீதி இருபத்தொரு வருடம் அவர் ஏதோ ஒரு ஸ்டேஷனில் பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகவே அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஆசைகளின் பட்டியல். ஒரு சண்டையை ஆரம்பித்து அதே நாளில் முடிக்க வேண்டும். இதுவரை போட்ட சண்டையெல்லாம் நடுவில் டியூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டதால் அப்படி அப்படியே நிற்கின்றன. அவள் பக்கம் நியாயம் இருந்த சண்டைகளும் அதில் உண்டு. மத்தியானத்தில் ஒரு சினிமா பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை ஒரு ரயிலில் பயணியாக, ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். பாவம், உலகம் முழுக்க அவருக்கு நேருக்கு நேராக வந்துதான் பழக்கம். பக்கவாட்டில் ஒரு தடவை காட்ட வேண்டும். பால்கனியில் போட இரண்டு பிரம்பு நாற்காலி கூட வாங்கிவிட்டாள்.

இந்த அபாயகரமான மனநிலையில் பெற்றோர் இருப்பதைப் போனில் கேட்டுத் திடுக்கிட்டவள் மகள்தான்.

"அம்மா, இப்பல்லாம் யாரும் சும்மா ரிடையர் ஆகறதில்ல. ஒரு ஆடிட்டரைப் பாருங்க. வரி, ஓய்வுக்காலம், எல்லாத்துக்கும் அவங்களே வழி சொல்லுவாங்க."

"உங்கப்பா வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குடி வழி சொல்லணும்? ஸ்டேஷன்லருந்து இடதுகைப் பக்கம் ரெண்டாவது தெரு."

ஆனாலும் மருந்துக்கடை மாடிக்குப் போனார்கள்.

ஆடிட்டருக்கு எண்பத்தொரு வயது. ஓய்வு பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எடுத்துப் பார்த்தது மட்டும்தான் இல்லை. அவர் தலைக்கு மேல் ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் வெள்ளை முடியோடு ஒரு தம்பதி கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பற்களும் இருந்தன. ஆலோசனை பெற்றவர்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"முதல்ல அடிப்படை விவரம்" என்று படிவத்தை விரித்தார் ஆடிட்டர். "எந்த வயசு வரைக்கும் இருக்கறதா உத்தேசம்?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். "அது நம்ம கையில இல்லையே சார்."

"இப்படிச் சொல்லிச் சொல்லியேதான் நிறையப் பேர் தொண்ணூறு வரைக்கும் போயிடறாங்க" என்றார் ஆடிட்டர் வேதனையோடு. "அப்பா எத்தனை வயசு வரைக்கும் இருந்தார்?"

"எண்பத்தாறு சார்."

"அம்மா?"

"இருக்காங்க சார். தம்பி வீட்டுல."

ஆடிட்டர் பேனாவை மூடினார். "இதை நீங்க உள்ள வரும்போதே சொல்லியிருக்கணும்."

டிரைவர் தலைகுனிந்தார். ஆடிட்டர் மனம் தளராமல் மேலே கேட்டார்.

"சர்க்கரை?"

"இல்ல சார்."

"கொலஸ்ட்ரால்?"

"நார்மல்னு சொன்னாங்க."

"பிரஷராவது?"

"அது கொஞ்சம் இருக்கு சார்."

"அதை விட்டுடாதீங்க" என்றார் ஆடிட்டர், முதன்முறையாக முகம் மலர்ந்து.

கால்குலேட்டர் கால்மணி நேரம் வேலை செய்தது. பிறகு தீர்ப்பு வந்தது. "எழுபத்தெட்டு வயசு, நாலு மாசம். அதுக்கு மேல போனா திட்டம் தாங்காது."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து '78–4' என்று குறித்துக்கொண்டார். முப்பத்து நாலு வருடமும் வண்டி போய்ச் சேர வேண்டிய நேரத்தைக் குறித்த நோட்டு அது. ஒரு கணம் யோசித்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்:

"லேட்டானா எழுத்துமூலமா விளக்கம் குடுக்கணுமா சார்?"

ஆடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு ஒழுங்கான கஸ்டமரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

"அப்ப நான்?" என்றாள் டிரைவரம்மா.

"நீங்க அவரைவிட ஆறு வயசு சின்னவங்க. பெண்கள் பொதுவாவே கொஞ்சம் நீண்டு போறாங்க. தப்பா நினைக்காதீங்கம்மா, இந்தத் திட்டத்துக்கு இருக்கற பெரிய அபாயமே நீங்கதான்."

சொன்னதோடு நிற்கவில்லை. 'எதிர்பார்க்கும் அபாயங்கள்' என்ற தலைப்பின் கீழ், விலைவாசி உயர்வுக்கும் நிலநடுக்கத்துக்கும் நடுவில் அவளை எழுதினார்.

பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அவள் கேட்டாள்:

"உங்களோட கொஞ்ச நாள் கூட இருக்கணும்னு நினைக்கறது குத்தமாங்க?"

"குத்தம்னு யாரு சொன்னா? அபாயம்னுதானே சொன்னார்" என்று சமாதானம் செய்தார் டிரைவர்.

மொத்தம் ஏழு அமர்வுகள். இரண்டாவது அமர்வில், முதல் அமர்வின் கட்டணத்தால் திட்டத்தில் விழுந்த பள்ளம் ஆராயப்பட்டது. மூன்றாவதில், இரண்டாவதால் விழுந்த பள்ளம். ஒவ்வொரு பள்ளத்தையும் ஆடிட்டரே கண்டுபிடித்து, அவரே எச்சரித்து, வண்ணப் படமாக வரைந்தும் கொடுத்தார். இத்தகைய நாணயத்தை வேறெங்கு காண முடியும்?

நான்காவது அமர்வு வரி பற்றியது. டிரைவரம்மா தன் பட்டியலை மேஜைமேல் வைத்தாள். ஆடிட்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சினிமா. இதுக்கு வரிவிலக்கு இல்ல. சண்டை... இது கோர்ட் வரைக்கும் போகுமா?"

"போகாது. சமையல்கட்டு வரைக்கும்தான்."

"அப்ப அதுக்கும் இல்ல. ரயில் பயணம்னு போட்டிருக்கீங்க. எதுக்காகப் போறீங்க?"

"ஜன்னல் வழியா பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கெல்லாம் விலக்கு இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா சொல்லுங்க, ஏதாவது பண்ணலாம்."

"நாங்கதான் நல்லா இருக்கோமே!"

"அதாம்மா சிக்கல்." ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "படுத்தா விலக்கு இருக்கு. கடன் வாங்கினா இருக்கு. நஷ்டப்பட்டா இருக்கு. சும்மா நல்லா இருக்கறதுக்குன்னு எந்தப் பிரிவுலயும் ஒண்ணும் குடுக்கல."

டிரைவரம்மாவுக்குப் பட்டியலைத் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை. அது ஃபைலுக்குள் போய்விட்டது.

ஏழாவது அமர்வில்தான் நிறுவனத்தின் பெருந்தன்மை முழுவதுமாக வெளிப்பட்டது. ஆறு அமர்வுகளிலும் சேர்ந்த பள்ளத்தை மூட ஒரே வழிதான் இருந்தது: ஓய்வுக்குப் பிறகும் கொஞ்சம் வருமானம். அதற்கும் நிறுவனம் அவரை அலையவிடவில்லை. அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தது. பதவி, 'ஓய்வுக்கால வழிகாட்டி'.

"ஓய்வைப் பத்திச் சொல்றதுக்கு ஓய்வு பெற்றவரைவிட யாருக்குத் தகுதி இருக்கு?" என்றார் ஆடிட்டர். "இங்க எல்லாரும் அப்படித்தான். கதவு திறந்துவிட்டாரே, அவர் பேங்க் மேனேஜரா இருந்தவர். தண்ணி கேன் தூக்கறவர் நீச்சல் பயிற்சியாளர். ரசீது போடறவங்க ஹெட்மிஸ்ட்ரஸ். அத்தனை பேரும் நம்ம திட்டத்துல வெற்றிகரமா ஓய்வு பெற்றவங்க."

"வேலைக்கு வந்தா அது எப்படி சார் ஓய்வு?" என்றாள் டிரைவரம்மா.

"அம்மா, ரயில் ஓட்டறதுலருந்து ஓய்வு குடுக்கறாங்களா இல்லையா?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? ஆனால் அந்த மனிதர் முப்பத்து நாலு வருடம் சிவப்பைப் பார்த்தால் நின்றவர், பச்சையைப் பார்த்தால் கிளம்பியவர். ஆடிட்டர் நீட்டிய ஃபைலின் அட்டை பச்சை நிறம். டிரைவர் கையெழுத்துப் போட்டார்.

ரயில்வேயில் கடைசி நாள் சுவர்க்கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு டிரைவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கேவா?" என்றாள் அவள்.

"முதல் நாளே லேட்டா போகக்கூடாது இல்லையா?"

ரயில்வே கல்நெஞ்சம் கொண்டதுதான். ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் ஆளைத் திருப்பிக் கொடுக்கும். நிறுவனத்தில் அந்தச் சோம்பேறித்தனம் இல்லை. ஜனங்களுக்கு லீவு நாட்களில்தானே ஓய்வைப் பற்றிச் சிந்திக்க நேரம் கிடைக்கிறது? ஆகவே லீவு நாட்களில் கருத்தரங்கு. பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலியில் டிரைவரம்மா உட்கார்ந்தாள். இன்னொன்றில் துவைத்த துணியை மடித்து வைத்தாள்.

ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் எதிர்வீட்டுத் தையற்காரி, தானும் தன் புருஷனும் அந்தக் கருத்தரங்குக்குப் போய்வந்த பூரிப்பில் ஓடிவந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் என்ன அழகா பேசறார்! ரிடையர் ஆனா பொண்டாட்டியை ஜன்னலோரம் உக்கார வச்சு ரயில்ல கூட்டிட்டுப் போகணுமாம். மத்தியானத்துல சினிமா பாக்கணுமாம். பாதியில நின்ன சண்டையெல்லாம் உக்காந்து போட்டு முடிக்கணுமாம். எங்க வீட்டுக்காரர் அழுதே போயிட்டார்க்கா. இதோ, புத்தகம் கூடக் குடுத்தாங்க."

வழவழப்பான சின்னப் புத்தகம். தலைப்பு: 'மாதிரி சந்தோஷங்கள்'. உள்ளே டிரைவரம்மாவின் பட்டியல், வரிசை மாறாமல் அச்சாகியிருந்தது. கீழே நிறுவனத்தின் முத்திரை.

"நீங்க குடுத்து வச்சவங்கக்கா" என்றாள் தையற்காரி.

"ஆமா" என்றாள் டிரைவரம்மா. "குடுத்துட்டேன்."

மறுநாள் அவள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மருந்துக்கடை மாடியேறினாள். பேங்க் மேனேஜர் கதவைத் திறந்தார். டோக்கன் பதினேழு. ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் வழிகாட்டி, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். "ஓய்வு பத்தி உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொல்லுங்க."

"புருஷன் வீட்டுல இருக்கணும்."

டிரைவர் நிமிர்ந்தார். பேனா கீழே விழுந்தது. "நீயா? இங்க என்ன பண்ற?"

"டோக்கன் வாங்கிருக்கேன். பத்து நிமிஷம் என்னோடது."

"வீட்டுல பேசிக்கலாமேம்மா."

"எப்போ?"

அவர் டயரியைப் புரட்டினார். "வர்ற வாரம்... இல்ல, கருத்தரங்கு. அதுக்கடுத்த வாரம் பயிற்சி முகாம்." அப்படியே குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காத. எல்லாம் உனக்காகத்தானே? எழுபத்தெட்டு வரைக்கும் திட்டம் தாங்கணும் இல்ல?"

"தாங்கட்டும். அந்த எழுபத்தெட்டு வரைக்கும் நீங்க யாரோட இருக்கப் போறீங்க?"

டிரைவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். வழக்கமாக இப்படிச் சிக்கலான கேள்வி வந்தால் பார்ப்பதற்கென்று நிறுவனம் ஒரு கையேடு கொடுத்திருந்தது. எடுத்துப் பார்த்தார். முதுமையில் வாடகை, முதுமையில் வழுக்கி விழுதல், முதுமையில் வாரிசுத் தகராறு எல்லாம் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டினார். பிறகு கையேட்டை மெதுவாக மூடிவிட்டு மனைவியைப் பார்த்தார். முன்தலையில் எப்போது இத்தனை நரைத்தது இவளுக்கு?

"இந்தப் புடவை புதுசா?" என்றார்.

"நாலு வருஷமாச்சு."

"நல்லா இருக்கு."

"தெரியும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவளுடைய நேரம் முடிந்து மணி அடித்தது. பதினெட்டாம் நம்பர் தம்பதி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து ரசீது மேஜைக்குப் போனாள். பின்னாலேயே டிரைவரும் கதவு வரை வந்து நின்றுவிட்டார். ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் முத்து முத்தாக எழுதினார்: தேதி, டோக்கன் எண், கட்டணம், கட்டணத்துக்கு உண்டான வரி. கடைசி வரியில் பேனா நின்றது.

"வந்த நோக்கம்னு ஒரு இடம் இருக்கும்மா. என்ன போடட்டும்? வரி ஆலோசனையா, ஓய்வுக்கால ஆலோசனையா?"

உள்ளறையில் இருந்த எண்பத்தொரு வயதுக் காதுக்கும் எட்டும்படி டிரைவரம்மா நிதானமாகச் சொன்னாள்:

"திருட்டுப் போன பொருளை அடையாளம் காட்ட வந்தேன்னு எழுதுங்க."