பைலட் முன்னால், கப்பல் பின்னால்

எங்கள் தீவின் கப்பல் துறையான ஹேடோ வார்ஃபில், மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களின் சரக்கை இறக்கும் சூப்பர்வைசர் நான். கப்பல் வந்துவிட்டால் எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அப்படிப்பட்டவன் பெற்ற பெண் எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள் என்றால் நான் சும்மா இருப்பேனா? சங்கவிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. இனி நானே கோச் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

காலையில் பத்துத் தடவை மேடு ஏறி ஓட்டம், சாயங்காலம் பத்துத் தடவை. நான் ஸ்கூட்டரில் பின்னால் போய் விசில் ஊதுவேன். நாலாம் நாள் பிள்ளை முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். என் மனைவி இந்திராணி அவளைப் பள்ளிக்கூட பி.டி. டீச்சர் சுபிதாவிடம் காட்டிவிட்டு வந்தாள்.

"வலி போற வரைக்கும் முழு ஓய்வாம். அப்புறமும் மெதுவாத்தான் ஓடணும், வாரத்துல ரெண்டு நாள் லீவு. மீறினா போட்டியில சேக்க மாட்டேன்னுட்டாங்க."

"கப்பல் வந்து நிக்கும்போது எவனாவது லீவு போடுவானா?"

"சரிங்க, உங்க இஷ்டம்."

கல்யாணமான நாளிலிருந்து இந்திராணி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

"ஒண்ணு கேக்கவா? எவ்வளவு பெரிய கப்பலும், வழிகாட்டுற துறைமுக பைலட் சொல்ற வேகத்துலதானே வார்ஃபுக்கு வரும்?"

"ஆமா. கேப்டனே ஆனாலும் தட்ட முடியாது."

"அப்போ பைலட் ஸ்கூட்டர்ல பின்னாடி வரலாமா? நீங்க முன்னாடி ஓடுங்க. அவ உங்களைத் தாண்டவே கூடாது."

"அதுதான் சரி."

"செருப்போட ஓட முடியாதுல்ல. உங்களுக்கு ஷூ ஆர்டர் போட்டுட்டேன். கப்பல்ல வருது."

பைலட் இல்லாமல் கப்பல் நகருமா? ஷூ வரும்வரை பயிற்சி நின்றது. அது வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் பிள்ளையின் வலி போயிருந்தது.

பிறகு ஓடினேன். முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாம் வளைவில் கல்லில் உட்கார்ந்தேன். சங்கவியும் சமர்த்தாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள்கூட அவள் என்னைத் தாண்டவில்லை. புதனும் ஞாயிறும் என் இடுப்பு எழுந்திருக்க மறுத்ததால் பயிற்சி ரத்து.

"என் பொண்ணால என்னை முந்த முடியல, பாய்," என்று வார்ஃப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போட்டி நாள். கடைசி நூறு மீட்டரில் சங்கவி மூன்று பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். வலி இல்லை, நொண்டல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுபிதா டீச்சரிடம் போனேன்.

"நான்தான் இவளுக்கு கோச். ஷூ வந்ததுலேர்ந்து நானேதான் முன்னால ஓடினேன்."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இந்திராணி பக்கம் திரும்பினார்.

"மெதுவா ஓட வைங்கன்னுதான் சொன்னேன் அக்கா. இவ்வளவு மெதுவா ஓடுற ஆளை எங்கே பிடிச்சீங்க?"