ஆயிரம் மைல் போட்டதும் ஐயாயிரம் ஓடியதும்

ஆழ்வார்பேட்டை, சென்னை-18
செப்டம்பர் 1969

அன்புள்ள மைத்துனன் நல்லசிவத்துக்கு,

உன் அத்தான் பஞ்சாட்சரம் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள் சண்முகவடிவு, கார் மூவரும் சௌக்கியம். திருநெல்வேலியில் நீயும் சீதாவும் குழந்தைகளும் சௌக்கியமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறோம். அதற்கு இப்போது கோயிலுக்கு ஐந்தே நிமிஷத்தில் போய்ச் சேருகிறோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் முழுக்க உனக்கு நன்றி சொல்லத்தான். நடுவில் கோபமாக ஏதாவது தட்டுப்பட்டால் அது என் கையெழுத்தின் கோளாறு.

நான் ரிடையர் ஆனதும், உன் அக்காளுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்று ஒரு பழைய மாரிஸ் மைனர் கார் வாங்கினேன் அல்லவா? நீ இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஆயிற்றே என்று உன்னிடமே பாலிசி எடுத்தேன். வருஷத்துக்கு உத்தேசமாக எத்தனை மைல் ஓடும் என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், “வீட்டிலிருந்து கோயில் ஒரு மைல்கூட இல்ல அத்தான், ஆயிரம் போட்டாலே அதிகம்” என்று சொல்லி ஆயிரம் போட்டாய். கணக்கில் பிழையே இல்லை. எனக்குக் காரை வலது பக்கம் திருப்ப வராது என்பது உனக்கு எப்படித் தெரியும், நானே ஒருவரிடமும் சொல்லாதபோது? இடது பக்கம் திரும்புவது தண்ணீர் பட்ட பாடு. வலது பக்கம் என்றால் எதிரே வருகிற பஸ்ஸின் குறுக்கே போகவேண்டும். அப்போது அந்த டிரைவர் என்னை ஒரு பார்வை பார்க்கிறான் பார், முப்பது வருஷ சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஆகவே இடது பக்கமாகவே ஊரைச் சுற்றிவர ஒரு வழி கண்டுபிடித்தேன். மௌபரீஸ் ரோட்டில் தெற்கே போய், கிரீன்வேஸ் ரோட்டில் இடது, சாந்தோமில் இடது, கடலோரமாகவே நொச்சிக்குப்பம் தாண்டி எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் இடது, ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இடது, அப்புறம் லஸ், மயிலாப்பூர், கோயில். திரும்பி வரும்போதும் மந்தைவெளியில் இடது, மறுபடி சாந்தோம், மறுபடி கடல். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை சமுத்திர தரிசனம். தியாகராய நகரில் ஒரு ரவிக்கைத் துணி வாங்குவதானாலும் கடலைப் பார்த்துவிட்டுத்தான். “ஏங்க, கோயிலுக்கு இப்படியா போறது?” என்று உன் அக்காள் முதல் நாள் கேட்டாள். “கடல் காத்து முழங்காலுக்கு நல்லது” என்றேன். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், ரிடையர் ஆன பிறகு என் வீட்டுக்காரருக்கு என் மேல் வந்த அக்கறையைப் பாருங்கள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வருமா?

இப்படி இருக்கையில் போன மாதம் நொச்சிக்குப்பத்தருகே ரோட்டை அடைத்து மீன் கூடைகள். வலது பக்கமாக ஒதுங்கிப் போகச் சொல்லி ஒரு மீனவர் கையைக் காட்டினார். என் கை வழக்கம்போல் இடது பக்கம் திருப்பியது. அங்கே ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. ஆளுக்கும் மீனுக்கும் சேதமில்லை, காருக்கு ஒரு கண் போயிற்று. நஷ்டஈடு கேட்டு எழுதினேன். கம்பெனிக்காரர்கள் மீட்டரைப் பார்த்தார்கள், உன் ஆயிரத்தைப் பார்த்தார்கள், “தாங்கள் மேற்படி காரை வாடகைக்கு விடுவதாக ஐயுறுகிறோம், பாலிசியை ஏன் ரத்து செய்யக்கூடாது?” என்று எழுதிவிட்டார்கள். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனை டாக்சிக்காரன் என்றால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரிக்க வந்தவர் குலாம் ரசூல் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர். தங்கமான மனிதர். “வீட்ல ரெண்டே பேர். கோயில் பக்கத்துல. வண்டி ஒரு வருஷத்துல ஐயாயிரம் மைல் ஓடியிருக்கு. எப்படி சார்?” என்றார். உன் அக்காள் பக்கத்தில் நிற்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? “ஏறி உட்காருங்க, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்” என்றேன். அவர் பின்னால், உன் அக்காள் காபிப் பிளாஸ்கோடு முன்னால். கார் தெற்கே திரும்பியதும், “சார், கோயில் அந்தப் பக்கம்” என்றார். கிரீன்வேஸ் ரோட்டில், “அடையாறுல ஏதாவது வேலையா?” என்றார். சாந்தோமில் முன்னால் எட்டி மீட்டரைப் பார்த்தார். நொச்சிக்குப்பத்தில், மீன் விற்கும் தங்கம் என்ற அம்மாள் ஒற்றைக்கண் காரை அடையாளம் கண்டு கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னா நைனா, லைட்டு இன்னும் போடலியா?”

இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டி, “ஏம்மா, இந்த வண்டி இங்கே வாடகைக்கு ஆள் ஏத்திட்டு வருதா?” என்று கேட்டார்.

“இவுரா? டெய்லி அந்தம்மாவ இட்டுகினு போய்க்கினு கீறாரு. சோத்தாங்கை பக்கம் வண்டிய ஒடிக்கவே தெரியாது சார் இவுருக்கு. அன்னிக்கு எங்கூட்டுக்காரன் சோத்தாங்கை காட்டுறான், இவுரு பீச்சாங்கை பக்கம் போய் கம்பத்துல வுட்டாரு. துட்டு குடுத்து இதுல ஏறினா, எக்மோர் போறவன் மாபலிபுரத்துல எறங்கணும்.”

மானம் போனது, பாலிசி பிழைத்தது. உன் அக்காள் இன்ஸ்பெக்டருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனபின், “அப்போ காத்துக்காக இல்லியா?” என்றாள். “இல்ல” என்றேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் குலாம் ரசூல் செய்ததைக் கேள். திரும்பும் வழியில் ஆளில்லாத ஒரு தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உன் அக்காளைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். “கையை வெளியே நீட்டுங்க சார். எதிர்ல வர்றவன் நிப்பான். நிக்கலேன்னா நீங்க நில்லுங்க. அவ்வளவுதான் விஷயம்” என்றார். ஏழெட்டுத் தடவை அந்தத் தெருவிலேயே திருப்ப வைத்தார். பிறகு மெயின் ரோடு. எதிரே பஸ் வந்தது, டிரைவர் பார்த்தான், நானும் பார்த்தேன், அவன் நின்றுவிட்டான். வலது பக்கம் திரும்பிவிட்டேன் நல்லசிவம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வாடகை வண்டி அல்ல; ஓட்டுபவரின் வழி சற்றே நீளம்” என்று அவர் எழுதிக்கொடுத்தார். நஷ்டஈடும் வந்தது, புது விளக்கும் போட்டாயிற்று. நீ அன்று தாராளமாக எழுதியிருந்தால் அவர் ஏன் வருகிறார், நான் எப்படித் தேறுகிறேன்? உன் சிக்கன புத்திக்கு நான் ஏழு ஜென்மமும் கடமைப்பட்டிருக்கிறேன். வரும் வருஷப் படிவத்திலும் தைரியமாக ஆயிரமே போடு.

நெல்லையப்பர் அருளால் உன் தொழில் பெருகட்டும், உன் குழந்தைகள் எந்தப் பக்கமும் தயங்காமல் திரும்புகிறவர்களாக வளரட்டும். எல்லோருக்கும் எங்கள் ஆசி.

உன் அத்தான்,
பஞ்சாட்சரம்

பி.கு.: தம்பி, உங்க அத்தான் கோந்து எடுக்கப் போயிருக்கிற நேரத்தில் அக்காள் எழுதுகிறேன். ஆயிரம் போடாதே. வலது பக்கம் திரும்பக் கற்றதிலிருந்து, சேலையைச் சரிசெய்து உட்காருவதற்குள் கோயில் வந்துவிடுகிறது. கல்யாணம் ஆன நாள் முதல் ஆபீஸ் ஆபீஸ் என்று இருந்தவர், என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தது இந்த ஒரு வருஷம்தான். நேற்று அவர் இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும், வலது பக்கம் திரும்பினால் எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டேன். இன்று காலையிலிருந்து பழைய வழிதான். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அதனால் ஆறாயிரமாகப் போட்டுவிடு. மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதை நான் பார்த்ததே இல்லை. அதற்கும் இடது பக்கமாகவே ஒரு வழி இருக்கிறதாம்.